குண்டு பல்புக்குக் கீழே

ட்யூப்லைட்டில் எல்லா இசைத்தட்டும் நல்ல தட்டுதான். குண்டு பல்புக்குக் கீழே சாய்த்துப் பிடி.

மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், ஃபேர், புவர். பழைய தட்டுகளுக்கு அமெரிக்காவின் ‘கோல்ட்மைன்’ பத்திரிகை போட்ட தர வரிசை. மின்ட் என்று எழுதக் கை வருவதில்லை.

நகத்தில் தட்டாத கீறல் பெரும்பாலும் காதிலும் தட்டாது.

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்று 1.8 விநாடி. குறுக்குக் கீறல் இருந்தால் ‘டிக்’ அந்தக் கணக்கில் வரும். தாளத்தோடு சேர்ந்தால் தப்பித்தோம். சேராது.

நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள். பிளேயரின் தண்டைத் தேடித் தடவிய தடம். தட்டைக் கழுவலாம். இதை முடியாது.

லேபிளில் பச்சை மசியில் மைக்செட் கடைப் பெயர், ஊர், வரிசை எண். கல்யாண வீட்டில் தட்டு மாறிவிடக் கூடாதே. விற்பனைக் குறிப்பில்: ‘லேபிளில் எழுத்து.’ ஒரு படி குறைவு.

பக்திப் பாடல் எல்.பி. முதல் பாட்டு மட்டும் சாம்பல் பூத்திருக்கிறது. கனமான பிக்கப், தேய்ந்த ஊசி. மறுபக்கம் பளபளப்பு.

இ.பி. ஒன்று. உறையில் ‘அன்பளிப்பு’, கீழே இரண்டு பெயர்கள். உள்ளே ஒரு கோடுகூட இல்லை. போட்டே பார்க்கவில்லை போல. நியர் மின்ட்.

கதை வசனத் தட்டுக்குத் தரம் போடுவது கஷ்டம். வாத்தியம் மூடி மறைக்காது. சிவாஜி மூச்சு வாங்கும் இடத்தில் பொரிகிறது.

78 சுற்றுத் தட்டு: அரக்கு. பானை வாங்குகிற மாதிரி சுண்டிப் பார். விரிசல் இருந்தால் செத்த சத்தம். ஸ்பிரிட் வைத்துத் துடைக்காதே, கரைந்துவிடும்.

லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் ஆலைக்காரர் கையால் கீறிய எண். இந்தக் கீறலால் விலை ஏறவும் செய்யும்.

சென்னைப் பூஞ்சை. வெள்ளைப் புள்ளி. கழுவினால் போகும். உறையில் வந்தது போகாது.

சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியதாம். அது 1985-ல் எரிவதற்கு முன்னால். சொல்லிக்கொண்டே விற்பவர் நூறு ரூபாய் ஏற்றுகிறார். அதற்குத் தர வரிசையில் எழுத்து இல்லை.

சீல் பிரிக்காத வெளிநாட்டுத் தட்டு. இறுக்கிய பிளாஸ்டிக்கில் நெளிந்திருக்கலாம். பிரிக்காமல் தெரியாது. பிரித்தால் விலை பாதி.