மடிக்கணினி மயங்கிய நாள்

தில்லி மாநகரில் நாங்கள் குடியேறியது 1991-ஆம் ஆண்டில். அதன்பின் ஐந்து வீடுகள் மாறினோம். ஒவ்வொரு முறையும் பாத்திரம் பண்டங்களோடு ஒரு தகரப் பெட்டியும் உடன் வந்தது. ஊரிலிருந்து வந்த கடிதங்களை அதில் போற்றி வைத்திருந்தோம். பிற்காலத்தில் அப்பெட்டியின் இடத்தை ஒரு மடிக்கணினி பிடித்துக்கொண்டது. பெட்டி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். கணினியின் உள்ளே நேரும் தேய்மானம் தெரிவதில்லை. இவ்வுண்மையை 2023-ஆம் ஆண்டு மே மாதத்துப் பிற்பகல் ஒன்றில் நாங்கள் கற்றோம்.

கும்பகோணத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த அன்னையார், 2019, 2020 ஆகிய ஆண்டுகளின் குளிர்காலத்தில் மொட்டை மாடி வெயிலில் அமர்ந்து தம் வாழ்க்கையைச் சொல்லி வந்தார். நாங்கள் இருவரும் மாறி மாறித் தட்டெழுதினோம். காவிரி பெருகிய நாட்கள், பாட்டனாரின் நெல் வணிகம், இளமையிலேயே மறைந்த தமக்கை என 143 பக்கங்கள் சேர்ந்தன. அவர் குரலிலேயே பதிவானவை 21. அன்னையார் 2021 ஐப்பசியில் காலமானார். அப்பக்கங்களுக்கும் பதிவுகளுக்கும் வேறு படி எங்கும் இல்லை. ‘பிறகு எடுத்து வைக்கலாம்’ என்று நாட்களைக் கடத்தியது எங்கள் குற்றமே.

அன்று வெளியே புழுதிக் காற்று. சங்க மலருக்கென அப்பக்கங்களிலிருந்து ஒரு பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தபோது திரை திடீரென நீல நிறமாயிற்று. ஒரு பிழைக் குறியீடு தோன்றியது. கணினி தானே அணைந்து மீண்டும் எழுந்தது. மறுபடியும் அதே நீலம். மூன்றாம் முறை, அனைத்தையும் புதிதாக அமைக்கலாமா என்று கேட்டது. பதற்றத்தில் அதற்கு இசைவு தர விரல் நீண்டது. நல்லவேளையாக, அதற்குள் பெங்களூரில் பணிபுரியும் மகளைத் தொலைபேசியில் அழைத்தோம்.

“அப்பா, எதையும் அழுத்தாதீர்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அமைக்கும் வழியும் அதில் இருக்கிறது. முதலில் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம்” என்றாள்.

அவள் கூறிய முறை, நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் முறையை ஒத்திருந்தது. ஒரே வேளையில் நான்கு மருந்து கொடுத்தால் நோயைத் தணித்தது எதுவென்று எவர் அறிவார்? முதலில் அச்சுப்பொறி, மவுஸ், பென் டிரைவ் அனைத்தையும் கழற்றினோம். பயனில்லை; ஆகவே பிழை அவற்றில் இல்லை. அடுத்து வெப்பத்தை ஐயுற்றோம். தில்லிப் புழுதி விசிறியை அடைத்தால் உள்ளே சூடு தங்கிவிடும். அளவு மீறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். சார்ஜரைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். குளிர்ந்த பின்னும் நீலத்திரையே வந்தது.

பிறகு ‘சேஃப் மோட்’ எனப்படும் நிலையில் தொடங்கச் சொன்னாள். இன்றியமையாத மென்பொருள்களை மட்டும் கொண்டு கணினி எழும் நிலை அது. அங்கே ஒழுங்காக இயங்கினால், பின்னர் சேர்த்த ஏதோ ஒரு மென்பொருள்மீது ஐயம் கொள்ளலாம். அங்கும் நின்றுவிட்டால் கருவியின் உறுப்புகளை நோக்க வேண்டும். அங்கும் நின்றது. அந்த அமைதியில், விசைப்பலகையின் அடியிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்டது. ஹார்டு டிஸ்க் எனும் சுழலும் வட்டின் ஒலி அது.

அதைக் கேட்டதும் மகளின் குரல் மாறியது. “வட்டைச் சரிபார்க்கும் கட்டளை எதையும் இப்போது கொடுக்க வேண்டாம். நொந்த வட்டுக்கு அது மேலும் உழைப்பு. முதலில் படியெடுங்கள், பழுதைப் பிறகு பார்க்கலாம்” என்றாள்.

எதிர்வீட்டுப் பஞ்சாபி மாணவன் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் கொண்டுவந்தான். வட்டிலுள்ள இயக்க மென்பொருளைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே கணினியை எழுப்பினான். எழுந்தது, தடங்கலின்றி நின்றது. வட்டைத் தவிர ஏனையவை நலமே என்பது அதனால் விளங்கிற்று. தன்னுள் பழுதுற்ற பகுதிகள் எத்தனை என்பதை வட்டே குறித்து வைத்திருந்தது. அக்கணக்கையும் எங்களுக்குக் காட்டினான். “அங்கிள்ஜி, எது முதலில் வேண்டும்?” என்று இந்தியில் வினவினான். திருமணப் படங்கள், வங்கிக் கணக்குகள், வரிப் படிவங்கள் எனப் பல இருந்தும் எங்கள் இருவர் வாயிலும் ஒரே சொல் வந்தது: “அம்மா.” அந்தக் கோப்புறைக்கு நாங்கள் இட்டிருந்த பெயரும் அதுவே.

143 பக்கங்களும் வந்தன. 21 பதிவுகளில் 19 வந்தன. எஞ்சிய இரண்டை எவ்வளவு முயன்றும் வட்டு தரவில்லை. அவற்றுள் ஒன்று, எங்கள் மகளைத் தொட்டிலிட்ட நாளில் பாடியதாகச் சொல்லி அன்னையார் மீண்டும் பாடிக் காட்டிய தாலாட்டு.

மறுநாள் நேரு பிளேஸ் கடைத்தெருவில், சுழலும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினோம், விசிறியில் அடைந்திருந்த தூசியையும் நீக்கினார்கள். கணினி முன்னைவிட விரைவாக எழுந்தது. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் எங்களிடையே பேச்சில்லை.

ஏட்டுச்சுவடிகள் செல்லரிக்கும் என்றறிந்த நம் முன்னோர், அவை நொய்ந்து போகுமுன் படியெடுத்து வைத்தனர். உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வெவ்வேறு இடங்களிலிருந்து கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். ஓரிடத்தில் சிதைந்தது மற்றோரிடத்தில் பிழைத்திருந்தது. கணினியறிஞர் இன்று கூறும் விதியும் ஏறத்தாழ இதுவே: மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். இப்போது அன்னையாரின் பக்கங்கள் எங்கள் கணினியில் ஒன்று, தனியே வாங்கிய வட்டில் ஒன்று, பெங்களூரில் மகளிடம் ஒன்று என மூன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு மாதப் பிறப்பன்றும் புதியவற்றைச் சேர்க்கிறோம். அவை திறக்கின்றனவா என்பதையும் பார்க்கிறோம். திறவாத படி படியாகாது.

தாலாட்டு என்னவாயிற்று என்று அன்பர்கள் கேட்கக்கூடும். சில நாள் கழித்து, அடுக்களையில் எங்களில் ஒருவர் அதனை முணுமுணுத்தது மற்றவர் காதில் விழுந்தது. தொட்டிலருகே நின்று மாமியார் பாடக் கேட்ட மருமகளுக்கு நான்கு அடிகள் நினைவிருந்தன, ஐந்தாவது வரவில்லை. கும்பகோணத்திலுள்ள தங்கையைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் சற்றும் தயங்காமல் அந்த அடியைப் பாடினார்; எங்களுக்குத் தெரியாத ஆறாவது அடியையும் பாடினார்.

அன்னையாரின் குரல் போயிற்று; அது திரும்பாது. பாட்டு வேறிடத்தில் இருந்தது. அன்றிரவே அதனை எழுதி, மூன்று இடங்களிலும் வைத்தோம். இல்லத்தில் முதியோர் இருக்கும் அன்பர்கள், இம்மலரைப் படித்து முடித்ததும் கணினியைத் திறந்து ஒரு படி எடுத்து வைப்பார்களாயின், எங்கள் இழப்பும் ஓரளவு பயன் தந்ததாகும்.