வேளாங்கண்ணி வழியில் வெண்மணி

தஞ்சையிலிருந்து திருவாரூர் வழியாக வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை செல்லும் நம் குடும்பங்கள் கீழ்வேளூரைக் கடந்தே செல்கின்றன. ஆயினும், அங்கிருந்து தேவூர்ப் பக்கம் திரும்பிக் கீழ்வெண்மணி என்னும் சிற்றூரைக் காண்போர் மிகச் சிலரே. கோடை விடுமுறையில் நாங்கள் அவ்வழியே சென்றோம்.

எங்களுடன் கல்லூரி மாணவர் ஒருவரும் வந்திருந்தார். உலக அமைதிக்கும் படைக்கல ஒழிப்பிற்கும் உழைக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் விடுமுறைப் பயிற்சி பெற விரும்பியவர் அவர். அணுகுண்டைப் பற்றி நிறையப் படித்திருந்தார். “நெல் வயலில் அமைதிப் பணிக்கு என்ன வேலை?” என்று அவர் வினவினார்.

கோடையில் காவிரிப் படுகை வேறு முகம் காட்டுகிறது. வாய்க்கால்கள் வறண்டு, வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன. தரிசில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வரும்வரை கூலியாளுக்கு வயல்வேலை இல்லை. நெற்களஞ்சியம் என்று நாம் பெருமையாய்ச் சொல்லும் நாட்டில், களஞ்சியத்தை நிரப்பியவர் வீட்டுக் குதிர் வெறுமையாய் இருந்த காலம் உண்டு.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25. நம் இல்லங்களில் பாலன் பிறப்பைக் கொண்டாடிய அதே நாளின் இரவில், கூலி உயர்வு கேட்ட மக்களின் சேரி தாக்கப்பட்டது. உயிர் பிழைக்க ஒரு குடிசைக்குள் புகுந்த 44 பேர் தீயில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அவர்தம் பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னத்தின் முன் நாங்கள் பேச்சற்று நின்றோம்.

கதை அங்கே முடியவில்லை. குற்றம் சாட்டப்பட்டு, உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்ற நிலக்கிழார் 1980இல் வெட்டிக் கொல்லப்பட்டார். தீக்குப் பின் அரிவாள். அரிவாளுக்குப் பின் எது?

இக்கேள்விக்கு வேறு விடை தேடியவர்கள், சர்வோதயத் தொண்டர்களான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும். வெண்மணிக்குப் பின் இப்பகுதிக்கு வந்து தங்கிய அவர்கள், 1981இல் ‘லாப்டி’ என்னும் உழுவோர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். நிலக்கிழாரோடு பேசி விலை முடிப்பது, வங்கிக் கடன் பெற்று நிலத்தை வாங்குவது, நிலமற்ற குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்ணின் பெயரில் பத்திரம் பதிவது, இதுவே அவர்கள் வழி. வயல்வேலை இல்லாத மாதங்களில் பாய் முடைதல் போன்ற தொழில்கள் கைகொடுத்தன. இவ்வாறு ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. 2008இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது இவ்விருவரையும் நாடி வந்தது. ஜெகந்நாதன் 2013இல் மறைந்தார்.

“படைக்கலம் ஒழிப்பதென்றால் குண்டுகளை எண்ணுவது என்றே நினைத்திருந்தேன். அரிவாளை மீண்டும் கதிர் அறுக்க அனுப்புவதும் அதுதானே!” என்றார் மாணவர். திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பரும் 1963இல் வெளியிட்ட சுற்றுமடலில், படைக்கல ஒழிப்பு மனித உள்ளங்களையும் எட்டவேண்டும் என்றே கற்பித்தார். அச்சமும் பசியும் குடியிருக்கும் உள்ளத்தை வெறும் உபதேசம் எட்டுவதில்லை. ஓர் ஏக்கர் நிலம் சில வேளைகளில் எட்டிவிடுகிறது.

அன்பார்ந்த பெற்றோரே! விடுமுறையில் அமைதிப் பணி கற்க விழையும் பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருக்கலாம். அடுத்த முறை அன்னையின் ஆலயத்திற்குச் செல்லும்போது, கீழ்வேளூரில் இறங்கி அவர்களை வெண்மணிக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த 44 பெயர்களையும் அவர்கள் வாய்விட்டுப் படிக்கட்டும்.