அண்ணன் மகளும் ஆபிரகாமின் வேலைக்காரனும்

ஊரிலிருந்து அண்ணன் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் பண்ணினால் ஒன்று துக்கச் செய்தியாக இருக்கும், இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சாக இருக்கும். போன மாதம் ஒரு சனிக்கிழமை வந்தது இரண்டாவது ரகம்.

அண்ணன் மகள் இரண்டு வருஷமாக எங்களோடு செம்பூரில்தான் இருக்கிறாள். இங்கே ஒரு கம்பெனியில் வேலை. வயது 25. அவளுக்கு ஊரில் ஒரு இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை துபாயில் எஞ்சினீயர், நாசரேத் பக்கத்துக் குடும்பம். (நம் திருநெல்வேலிச் சீமை நாசரேத்தைச் சொல்கிறேன்.) 'நம்ம ஆட்கள்'. இந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும். 60 பவுனுக்குப் பேச்சு. அதற்கு வயலை அடகு வைப்பதாகவும் ஏற்பாடு. எல்லாம் கூடி வந்த பிறகு பெண்ணிடம் சொன்னால், அவள் "வேண்டாம்ப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"நீ அவகிட்ட பேசு தம்பி. நீ சொன்னா கேப்பா. வேதத்துல எப்படி இருக்கு? அப்பா அம்மா பாத்து முடிக்கதுதான கல்யாணம்? ஆபிரகாம் என்ன, ஈசாக்குகிட்ட கேட்டுட்டா பொண்ணு பாக்க ஆள் அனுப்பினான்?"

அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. "சரிண்ணே, பேசுதேன்" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செம்பூரிலிருந்து குர்லாவில் மாறி சயானில் இறங்கி, தாராவியில் எங்கள் தமிழ்ச் சபைக்குப் போனோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு கோயில் இருக்கிறதே என்று கேட்பார்கள். ஆராதனை முடிந்து வெளியே நின்று திருநெல்வேலிப் பேச்சு பேசுகிற அந்த அரை மணி நேரம் வேறு எங்கே கிடைக்கும்? அந்த அரை மணியில்தான் பயோடேட்டாக்களும் கைமாறும். மூன்று தலைமுறையாகத் தாராவியில் இருக்கிற ஒரு பெரியவர் தன் பேரனுக்கு ஊரில் பெண் தேடிக்கொண்டிருந்தார். பேரன் பிறந்ததும் படித்ததும் மும்பையில். வீட்டுக்குள் தமிழ், வெளியே இந்தியும் மராத்தியும். பெண் மட்டும் ஊரிலிருந்து வர வேண்டும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் வேலைக்கென்று திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் தாராவிக்கு வர ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான். மாட்டுங்காவில் இருக்கிற பாலக்காட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதே கதையைச் சொல்வார்கள். பிழைக்க வந்த ஊர் சோறு போடும், ஆனால் சம்பந்தம் பண்ண மட்டும் சொந்த ஊருக்கு ரயில் ஏற வேண்டும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபிரகாமும் பிழைக்க வந்தவன்தானே? கானான் தேசத்தில் கூடாரம் போட்டு வாழ்ந்த பரதேசி. அக்கம்பக்கத்துக் கானானியப் பெண்கள் வேண்டாம், என் சொந்த பந்தம் இருக்கிற மெசொப்பொத்தாமியாவில் போய்ப் பெண் பார் என்று வீட்டு விசாரணைக்காரனை அனுப்புகிறான். ஆகாரையும் பாருங்கள். ஆபிரகாம் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, வனாந்தரத்தில் பிள்ளையோடு ஒற்றையாய் நின்ற எகிப்துக்காரி. மகன் இஸ்மவேலுக்கு அவள் பெண் எடுத்தது எங்கே? எகிப்தில். எல்லாருக்கும் சொந்த ஊர்தான்!

சரி, அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம். அன்று மத்தியானம் சாப்பிட்டதும் வேதாகமத்தை எடுத்து ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். எத்தனையோ கல்யாணத்தில் பிரசங்கமாகக் கேட்ட பகுதிதான். பேங்கில் பத்திரம் படிக்கிற மாதிரி வரிவரியாகப் படித்தது இதுதான் முதல் தடவை.

முதலில், அண்ணன் சொன்னது சரி. ஈசாக்கை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவனுக்கு வயது 40 என்று வருகிறது. நாற்பது வயதுப் பிள்ளைக்கும் அப்பாதான் எல்லாம்.

இரண்டாவது, நகை. கிணற்றடியில் ஒட்டகங்களுக்கெல்லாம் தண்ணீர் வார்த்த ரெபெக்காளுக்கு அந்த வேலைக்காரன் அரைச் சேக்கலில் ஒரு பொன் நகையும், பத்துச் சேக்கலில் இரண்டு கடகங்களும் கொடுக்கிறான். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம் என்று வைத்தால் கடகம் மட்டும் 110 கிராம், ஏறக்குறைய 14 பவுன். இது மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்கு! பிறகு அவளுடைய அண்ணனுக்கும் அம்மாவுக்கும் தனியாக வரிசை. அந்தக் காலத்தில் பணம் போன திசையே அதுதான். நம் தமிழ் வேதாகமத்திலேயே அதற்குப் 'பரிசம்' என்ற நம் வார்த்தைதான் இருக்கிறது. கையில் காசில்லாத யாக்கோபு அந்தப் பரிசத்துக்குப் பதிலாகத்தான் லாபானிடம் ஆடு மேய்த்தான். 1961ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த பிறகும் வயலை அடகு வைத்து 60 பவுன் போடுகிற நாம் 'வேதத்தில் இருக்கிறபடி' என்று சொல்லலாமா?

மூன்றாவதுதான் முக்கியம். வேலைக்காரன் கிளம்புவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்கிறான். பெண்ணுக்கு என்னோடு வர மனமில்லாவிட்டால் என்ன செய்யட்டும்? ஆபிரகாம் கோபப்படவில்லை. அப்படியானால் நீ எனக்குச் செய்த ஆணை உன்னை விட்டது, என் மகனை மட்டும் அங்கே கூட்டிக்கொண்டு போகாதே என்கிறான். ஒட்டகத்தில் சாமான் ஏற்றும் முன்பே, ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இருந்திருக்கிறது.

ரெபெக்காளிடம் கேட்டதும் இருக்கிறது. ஆனால் எப்போது? முதல் நாள் ராத்திரியே லாபானும் பெத்துவேலும் சம்மதம் சொல்லியாயிற்று. நகை, துணிமணி எல்லாம் கொடுத்தாயிற்று. மறுநாள் காலையில், பத்து நாள் இருந்துவிட்டுப் போகட்டும், இல்லை இப்போதே போக வேண்டும் என்று இழுபறி வந்தபோதுதான் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவள் போகிறேன் என்றாள். கடன் சாங்ஷன் ஆகி, ஜாமீன்காரர் கையெழுத்தும் போட்ட பிறகு, கடன் வாங்குகிறவரைக் கூப்பிட்டு உங்களுக்குக் கடன் வேண்டுமா என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஆடிட்டர் சும்மா விடுவாரா?

அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு விருப்பமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிம்சோன் திம்னாத்தில் ஒரு பெலிஸ்தியப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, அவளையே எனக்கு முடித்துத் தாருங்கள் என்று அப்பா அம்மாவிடம் நிற்கிறான். பார்த்தது அவன், போய்ப் பேச வேண்டியது பெற்றவர்கள். ஏசா தன் இஷ்டத்துக்கு இரண்டு ஏத்தியப் பெண்களைக் கட்டி வீட்டில் மனக்கசப்பு. யாக்கோபு கிணற்றடியில் பார்த்து ஆசைப்பட்டது ராகேலை. ஏழு வருஷம் முடிந்ததும் மாமனார் லேயாளை உள்ளே அனுப்பிவிட்டு, மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்கிறார். நம் வீடுகளில் கேட்ட வசனம்தானே? ராகேலுக்காக யாக்கோபு இன்னும் ஏழு வருஷம் உழைத்தான். லேயாளை யாரும் கேட்டதாக எழுதியில்லை. பல வருஷம் கழித்து அக்காளும் தங்கையும் சேர்ந்து சொல்கிற ஒரு குறை இருக்கிறது. அப்பா நம்மை விற்று, வந்த பணத்தையும் தின்றுவிட்டார் என்கிறார்கள். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தைப் பற்றி மகள்களே சொன்னது. எந்தக் கல்யாணப் பிரசங்கத்திலும் நான் இதைக் கேட்டதில்லை.

முறை விஷயம் இன்னும் வேடிக்கை. யாக்கோபு கட்டியது தாய்மாமன் மகள்களை, நமக்கும் அது முறைதான். ஆனால் ரெபெக்காள், ஆபிரகாமின் தம்பி நாகோருடைய மகன் வயிற்றுப் பேத்தி... மன்னிக்கவும், நாகோருடைய மகன் பெத்துவேலின் மகள். நம் கணக்கில் ஈசாக்கு அவளுக்குச் சித்தப்பா முறை! செலொப்பியாத்தின் ஐந்து மகள்களுக்கும், சொந்தக் கோத்திரத்துக்குள் தங்களுக்கு இஷ்டமானவர்களைக் கட்டலாம் என்று அனுமதி கிடைக்கிறது. அவர்கள் கட்டிக்கொண்டது சித்தப்பா பெரியப்பா மகன்களை. இதை எங்கள் ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆக, வேதத்தில் இருக்கிறபடி என்று யாரும் அப்படியே செய்வதில்லை. நமக்குத் தோதானதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். 'நம்ம ஆட்கள்' என்பதும் அப்படித்தான். இயேசுவின் வம்ச வரலாற்றில் கானானியப் பெண் ராகாபும் மோவாபியப் பெண் ரூத்தும் இருப்பதை மத்தேயு முதல் அதிகாரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

சாயங்காலம் வீட்டம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். 2005 மே மாதம் எங்கள் கல்யாணம். இத்தனை வருஷத்தில் கேட்காததை அன்றுதான் கேட்டேன்.

"நம்ம கல்யாணத்துக்கு உன்னை யாராவது கேட்டாங்களா?"

"கேட்டாங்களே. எங்கப்பா கேட்டார்."

"எப்ப?"

"ரெண்டாவது ஓலை வாசிச்ச அன்னைக்கு. கோயில்லருந்து வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டே, உனக்குச் சம்மதந்தானம்மான்னார்."

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். இரண்டு முடிந்திருக்கிறது.

"நீ என்ன சொன்ன?"

"மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. பத்திரிகை அடிச்சாச்சு. என்னத்தச் சொல்ல? சரிப்பான்னேன்."

நான் பேசாமல் நின்றதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள். "எனக்குக் குறை ஒண்ணும் இல்லங்க. முன்னாடியே கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா அது நானா சொன்னதா இருந்திருக்கும்."

என்னிடம் அன்று மூன்று போட்டோ காட்டினார்கள். எது பிடித்திருக்கிறது என்றும் கேட்டார்கள். இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

ராத்திரி அண்ணன் மகளிடம் பேசினேன். "யாரையாவது மனசுல வச்சிருக்கியாம்மா?" என்று ஆரம்பித்தேன்.

"யாரும் இல்ல சித்தப்பா. எல்லாரும் அதையேதான் நெனைக்கீங்க. துபாய் வந்தா வேலைக்குப் போகக் கூடாதுன்னு அவங்கம்மா முதல் பேச்சிலயே சொல்லிட்டாங்க. வயலை வச்சு 60 பவுனும் போட்டு, வேலையையும் விடணுமா? அந்தப் பையன் ஒரு தடவை கூட எங்கிட்ட பேசல. அப்பா மாப்பிள்ளை பாக்கட்டும், நான் வேண்டாங்கல. என்னைக் கேட்டுட்டுப் பாக்கட்டும்."

அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்த வேலைக்காரன் கேட்ட கேள்வியையும் ஆபிரகாம் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"நீ என்னலே எனக்குப் பிரசங்கம் பண்ணுத?" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப பையன் வீட்டுக்கு என்ன பதில் சொல்ல?"

"பொண்ணுக்கு மனசில்லன்னு சொல்லுங்கண்ணே. அதுக்கு வேதத்துல இடமிருக்கு."

போனை வைத்துவிட்டார். மூன்று நாள் பேச்சே இல்லை. புதன்கிழமை ராத்திரி அவள் போனில் கூப்பிட்டார். பால்கனிக்குப் போய் இருபது நிமிஷம் பேசிவிட்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னம்மா, திட்டினாரா?"

"இல்ல சித்தப்பா. உனக்கு எப்படிப்பட்ட பையன் வேணும்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லையே, டக்குனு என்ன சொல்ல? யோசிச்சுச் சொல்லுதேம்ப்பான்னேன்."

எங்கள் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அன்று இதையெல்லாம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இன்னும் பத்து வருஷத்தில் என் முறை வரும். அப்போது எனக்கும் அண்ணனைப் போலவே பேசத் தோன்றலாம். மறந்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.