ஒரு விளையாட்டு ஓர் ஊரில் தங்குவது பற்றி

ஓர் ஊருக்கு ஒரு விளையாட்டுதான் பிடிக்கும், அங்கே இன்னொன்றைக் கொண்டுபோய் நுழைத்தால் ஒட்டாது என்ற அபிப்பிராயம் நம்மிடையே வெகு சகஜமாக இருக்கிறது. சொல்கிறவர்கள் இதை ஒரு வாதமாகக்கூடச் சொல்வதில்லை. ஆடியில் காற்றடிக்கும் என்பதுபோலச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தைச் சற்று நிறுத்திவைத்துப் பார்க்கவேண்டிய அவசியம் எனக்கு ஏற்பட்டது.

ஆண்டிமடத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்துத் தளம் போடலாமா என்பது விவகாரம். பழைய மாணவர் ஒருவர் டொரோண்டோவில் வேலை பார்க்கிறார். பணம் தருகிறேன், சிமெண்டுத் தரையும் இரண்டு கம்பமும் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். அதற்காகக் கூடிய கூட்டத்தில், வங்கிக்காரன், நாலு புத்தகம் படித்தவன் என்ற முறையில் என்னையும் உட்காரவைத்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, "இது கபடி மண்ணு. கூடைப்பந்துன்னா இங்க எவன் ஆடுவான்?" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அவர் சொன்ன தகவலில் தவறில்லை. பொங்கல் வந்தால் ஆண்டிமடத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் இடையிலுள்ள கிராமங்களில் ராத்திரி முழுக்கக் கபடி நடக்கும். சுண்ணாம்புக் கோடு, நாலு விளக்கு, ஒரு மைக் செட். முந்திரிக் காட்டுச் செம்மண் விழுந்தால் அடிபடாத மண். செலவு கேட்காத ஆட்டம், மட்டையோ பந்தோ வேண்டாத ஆட்டம், பணமில்லாத ஊரில் வேர்விடுவதற்கு இவையே போதுமான காரணங்கள். ஆனால் பெரியவர் காரணத்தைச் சொல்லவில்லை, மண் என்றார். மண் என்று சொல்லிவிட்டால் காரணம் கேட்க வழியில்லாமல் போய்விடுகிறது. புதுக்கவிதை வந்தபோதும் தமிழ் மண்ணில் இது முளைக்காது என்றுதான் சொன்னார்கள். யாப்பு தெரிந்தவர்கள் சொன்னதைவிட, கவிதையே படிக்காதவர்கள்தான் அதை உரத்துச் சொன்னார்கள் என்பது என் எண்ணம்.

மண்ணின் குணம்தான் என்றால் கோவில்பட்டியை என்ன செய்வது? கரிசல் பூமி. தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் அதன் அடையாளங்கள். மூன்றாவது, ஹாக்கி. வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டம். மட்டை வேண்டும், சமதளம் வேண்டும், இப்போது செயற்கைப் புல்தரையும் வேண்டும். கரிசல் மண்ணுக்கும் இதற்கும் ஜாதகப் பொருத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் அங்கே லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிறது. அரசாங்கத்தின் ஹாக்கி விடுதி இருக்கிறது. சாயங்காலம் மட்டையோடு போகிற பையனை அந்த ஊரில் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. நம் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் அங்கே போய்ப் பயின்றவர். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்டவர். அதே அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தார். ஹாக்கி விளையாடத் தெரிந்த கால்கள் அரியலூர்ப் பக்கத்திலும் பிறக்கின்றன என்று ஆகிறது. அவை கோவில்பட்டிக்குப் பஸ் ஏறவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பணம் தருகிறவர் இருக்கும் தேசத்தையே அடுத்து எடுத்துக்கொள்ளலாம். கனடாக்காரர்களுக்குப் பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹாக்கி ஏறக்குறைய மதம். அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம் அந்த நாட்டில் இரண்டு நகரங்களுக்குக் கொடுத்த தொழில்முறை அணிகள் 1995இல் ஒரே சமயத்தில் ஆடத் தொடங்கின: டொரோண்டோ, வான்கூவர். இரண்டுமே ஹாக்கிப் பைத்தியம் பிடித்த ஊர்கள். வான்கூவரின் கிரிஸ்லீஸ் அணி ஆறு வருஷம்கூடச் சரியாகத் தாக்குப்பிடிக்கவில்லை. 2001இல் அமெரிக்காவிலுள்ள மெம்பிஸ் நகரத்துக்கு மூட்டை கட்டியது. டொரோண்டோவின் ராப்டர்ஸ் 2019இல் பட்டமே வென்றது. ஒரே தேசம், ஒரே ஹாக்கி, ஒரே வருஷத்துத் தொடக்கம். ஆகவே ஹாக்கியின்மேல் பழியைப் போடுவதற்கில்லை.

வான்கூவரில் நடந்தது என்ன? முதலாவது, தோல்வி. வருஷத்துக்கு 82 ஆட்டங்கள் ஆடும் அந்தப் போட்டியில் அவர்கள் 23க்கு மேல் ஜெயித்த வருஷமே இல்லை. இரண்டாவது, பணம். டிக்கெட்டைக் கனடா டாலரில் விற்று, ஆட்டக்காரர்களுக்கு அமெரிக்க டாலரில் சம்பளம் கொடுக்கவேண்டியிருந்தது. அந்த நாட்களில் கனடா டாலர் இளைத்துக் கிடந்தது. வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் ஒரு மாதம் உட்கார்ந்தவனுக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மூன்றாவது, அணி கைமாறியது. 2000இல் வாங்கியவர் அடுத்த வருஷமே அதைப் பெயர்த்துக்கொண்டு போனார்.

டொரோண்டோவில் நடந்தது இதைவிடச் சுவாரஸ்யமானது. அங்கே 1998இல் கூடைப்பந்து அணியை வாங்கியவர்கள் மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஹாக்கி அணியின் சொந்தக்காரர்கள். 1999இலிருந்து இரண்டு அணிகளுக்கும் ஒரே அரங்கம். இன்று ஹாக்கி, நாளை அந்தப் பனித்தரையின்மேலேயே மரப்பலகை பரப்பிக் கூடைப்பந்து. ஹாக்கி கூடைப்பந்தைக் கொல்லவில்லை, வாடகைக்கு இடம் கொடுத்து வளர்த்தது. வேடிக்கை என்னவென்றால், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே ஒரு கனடாக்காரர். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே போகமுடியாத மாணவர்களுக்காக பழக்கூடைகளை மாட்டி ஆரம்பித்தார்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். கூடைப்பந்து நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்த வழிகளில் முக்கியமான வழி அது. ஆக, தமிழ்நாட்டில் இந்த ஆட்டத்துக்கு நூறு வயதாகிறது. நூறு வருஷமாக யார் இதற்குச் சோறு போட்டார்கள் என்ற கேள்வியை மட்டும் நாம் கேட்டதில்லை.

இந்த இடத்தில் என் சகா ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சமீபத்தில் ஓய்வு பெறும்வரை எங்கள் கிளையில் எனக்குப் பக்கத்துக் கவுண்டரில் இருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பல வருஷம் சென்னையில் வங்கி அணிக்காகக் கூடைப்பந்து ஆடியவர். ஆறடி மூன்றங்குலம். நகைக்கடன் ரசீது எழுதக் குனிந்தாரென்றால் மறுபடி நிமிர்ந்து முடிக்க நேரமாகும். விடிகாலையில் பயிற்சி, மத்தியானம்வரை ஆபீஸ், சாயங்காலம் மறுபடி பயிற்சி. போட்டி நாட்களில் ஆபீஸே கிடையாது. கூட இருந்த குமாஸ்தாக்களின் முணுமுணுப்பையும் அவர் கேட்டிருக்கிறார். ஒருநாள் என்னிடம், "தம்பி, நாங்க எல்லாம் ப்ரொஃபஷனல்தான். சம்பளச் சீட்டுல கிளார்க்குன்னு போட்டிருந்தாங்க, அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னது நகைச்சுவை இல்லை, வரலாறு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, தென்னக ரயில்வே, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, சுங்கத்துறை, வருமானவரித் துறை: சென்னையின் கூடைப்பந்து இந்தப் பெயர்களில்தான் உயிரோடு இருந்தது. இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னைக்காரர் அனிதா பால்துரை தென்னக ரயில்வே ஊழியர். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாட்டு ஆண்கள் அணி பட்டம் வென்றது. இதெல்லாம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று பெயரெடுத்த ஒரு நகரத்தில், டிக்கெட் வசூலை எதிர்பார்க்காமல், தோற்றாலும் மாதச் சம்பளம் கொடுத்த ஸ்தாபனங்களின் பொறுமையில் விளைந்தது. தமிழில் சிறுபத்திரிகைக்காரர்களில் எத்தனை பேர் இதேபோன்ற நாற்காலிகளில் உட்கார்ந்து எழுதினார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். நம் நவீன இலக்கியத்தின் புரவலர் யார் என்று கேட்டால், பாதிக்கு மாதச் சம்பளம் என்றுதான் பதில் சொல்லவேண்டும்.

ஆனால் இந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு. வசூல் தேவைப்படாத அணிக்குப் பார்வையாளரும் தேவைப்படவில்லை. ஆட்டம் இலாகா விவகாரமாகச் சுருங்கிப்போயிற்று. "ஃபைனல்லகூட பாக்கிறவன்ல பாதிப் பேரு பழைய பிளேயரா இருப்பான், மீதி அவங்க சொந்தக்காரங்க" என்பார் சகா. எழுதுகிறவர்களே வாசகர்களாக இருக்கும் பத்திரிகையைப் பற்றி யாரோ கேலி செய்தது ஞாபகத்துக்கு வந்தது. நான் சிரிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு, நகரத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட தொழில்முறை அணி. 2015இல் ஆரம்பித்த யூ.பி.ஏ. போட்டியில் 'சென்னை ஸ்லாம்' என்ற அணி ஆடியது. 2017க்குப் பிறகு அந்தப் போட்டியே நடக்கவில்லை. அடுத்து 2022 அக்டோபரில் கொச்சியில் தொடங்கிய ஐ.என்.பி.எல். போட்டியில் ஆறு அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடின. 2023 ஜனவரியில் பட்டம் வென்றது 'சென்னை ஹீட்'. எனக்குத் தெரிந்த விளையாட்டுப் பிரியர்களில் பெரும்பாலோருக்கு அப்படியொரு அணி இருப்பதே தெரியாது. சென்னைக்கு ரசனை இல்லை என்று இதற்குப் பொருள் சொல்லிவிடலாம். நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். வாரம் தவறாமல், தெரிந்த அரங்கத்தில், தெரிந்த முகங்கள் ஆடாத ஓர் அணியை ஒரு நகரம் எப்படித் தன்னுடையது என்று கருதும்?

கூடைப்பந்துக்கு மட்டும் வந்த வினை அல்ல இது. கபடியில் 'தமிழ் தலைவாஸ்' அணி 2017இல் வந்தது. டெண்டுல்கர் அப்போது அதன் பங்குதாரர்களில் ஒருவராக இருந்தார். கிரிக்கெட் கபடிக்குப் பணம் கொடுத்தது, டொரோண்டோ கதைதான். முதல் வருஷம் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் ஆடினார்கள். ஆனால் 2024இல் அந்தப் போட்டி முழுவதும் ஹைதராபாத், நொய்டா, பூனா மூன்றோடு முடிந்துவிட்டது. ஹாக்கியில் 2024-25இல் 'தமிழ்நாடு டிராகன்ஸ்' ஆண்கள் அணி ஆடியது ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம். தொலைக்காட்சிக்கு இதனால் நஷ்டமில்லை. கேமராவுக்கு எந்த ஊரும் ஒன்றுதான். ஊர்க்காரனுக்கு ஒன்றாகுமா? சென்னையால் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணியை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று என்னைக் கேட்டால், முடியும் என்பேன். ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், அரங்கம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. பத்து வருஷம் ஒரே இடத்தில் இருந்து தோற்கத் தயாராக இருக்கும் ஒரு முதலாளிதான் இன்னும் வரவில்லை. வங்கியின் பொறுமையும் வாசலில் டிக்கெட் விற்கும் கூச்சமின்மையும் ஒரே ஆளிடம் சேரவேண்டும்.

ஆண்டிமடத்துக்கு அணி தேவையில்லை. இங்கே கேள்வி சின்னது. சகாவிடம் தளத்தைப் பற்றிக் கேட்டேன். "சிமெண்டுத் தரை போடுங்க. பங்குனி சித்திரையில முந்திரிக்கொட்டை காயவெக்க நல்லா இருக்கும்" என்றார். பிறகு நிதானமாக, தரை வேண்டாம், கெட்டித்த மண்ணிலேயே கம்பத்தை நடலாம், தான் சின்ன வயதில் அப்படித்தான் ஆடியதாகவும், அந்தப் பணத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கமுடியுமா என்று கேட்டுப்பார்க்கும்படியும் சொன்னார். கடிதத்தை நான்தான் எழுதினேன். யோசித்துச் சொல்வதாக டொரோண்டோவிலிருந்து பதில் வந்தது. அவருடைய சங்கடம் புரிகிறது. கம்பத்தில் உபயதாரர் பெயரை எழுதலாம். பயிற்சியாளர்மேல் எழுத முடியாது. நம் நாட்டில் கட்டடங்கள் பெருகி ஆசிரியர்கள் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கடிதத்தோடு எத்தனை பிள்ளைகள் சேருவார்கள் என்று குறிப்பிடவேண்டி, உடற்கல்வி ஆசிரியரிடம் பெயர் எழுதி வாங்கச் சொல்லியிருந்தேன். பெயர் கொடுத்தவர்கள் முப்பத்தொரு பேர். அதில் இருபத்திரண்டு பேர் பெண்பிள்ளைகள். நம் பக்கத்துப் பொங்கல் கபடியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் களத்தைச் சுற்றி நிற்பவர்களில் இவர்கள் இருப்பதில்லை. பள்ளிக்கூடப் போட்டிகளில் கபடி ஆடுகிற பெண்கள்கூடத் தங்கள் சொந்தத் தெருவில் அதை ஆடிக் காட்டியதில்லை. இது கபடி ஊர், அது ஹாக்கி ஊர் என்று சொல்லும்போது நாம் ஊர் என்று எண்ணுவது யாரை? அந்த ஊரில் இந்த இருபத்திரண்டு பேரும் சேர்த்தியா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் எந்த ஆட்டம் எங்கே ஒட்டும் என்ற பேச்சுக்கு அர்த்தம் வரும். பட்டியலைக் கடிதத்தோடு வைத்து அனுப்பியிருக்கிறேன்.