வழி சொல்லும் அம்மாள்

வழி கேட்பதில் புருஷர்களுக்கு அப்படி என்ன கௌரவக் குறைவோ, எனக்குத் தெரியவில்லை. எந்த வீட்டில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். ஒரே தெருவை மூன்று தரம் சுற்றி வருவார்கள். பெட்ரோல் தீர்ந்தாலும் சரி என்று நான்காவது தரமும் சுற்றுவார்கள். ஆனால், மூலையில் பெட்டிக் கடை வைத்திருப்பவரிடம், "ஐயா, இந்த நம்பர் வீடு எங்கே?" என்று கேட்க மட்டும் வாய் வராது. பின் ஸீட்டில் இருக்கும் நாம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாலோ, "சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்ற பதில் தயாராக இருக்கும்.

எங்கள் வீட்டில் இந்த வியாதிக்கு மருந்தாக வந்து சேர்ந்தவள்தான் நான் சொல்லப் போகும் அம்மாள். அவள் குடியிருப்பது என் கணவரின் ஸ்மார்ட் போனுக்குள்ளே. மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு பிடிப்பான் வாங்கி மாட்டி, அதில் போனைச் செருகி, போக வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டால் போதும். "இருநூறு மீட்டரில் இடது புறம் திரும்பவும்" என்று கணீரென்று தமிழில் ஆரம்பித்து விடுவாள்.

முதல் நாள் வாசலில் நின்றபடி இதைக் கேட்ட என் மாமியார், "யாருடா அந்தப் பொண்ணு, இவ்வளவு அதிகாரமாப் பேசுது?" என்றார்.

"அது மெஷின் அம்மா!"

"மெஷின் சொன்னாக் கேட்பே. நான் சொன்னா மட்டும் கேட்க மாட்டே!"

என் மனத்தில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டார் மாமியார். அன்று எனக்கு அவர் மேல் உண்டான பிரியத்துக்கு அளவே இல்லை.

ஆனால், அந்த அம்மாளிடமும் ஒரு குணம் உண்டு. அதைச் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது. அவள் சொன்ன திருப்பத்தை இவர் தவற விட்டால், "நான் அப்பவே சொன்னேனே!" என்று அவள் சொல்வதில்லை. ஒரு விநாடி யோசிப்பாள். பிறகு அடுத்த திருப்பத்தைச் சொல்வாள். பத்துத் தரம் தவற விட்டாலும் குரலில் ஒரு சுருதி பேதம் கிடையாது. இல்லறம் நடத்துகிற நம்மில் யாருக்கு இந்தப் பொறுமை உண்டு, சொல்லுங்கள்!

இவளுக்கு வழி எப்படித் தெரிகிறது என்று பத்தாவது படிக்கும் என் பிள்ளையைக் கேட்டேன். அவன் பெரிய வாத்தியார் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ஆகாயத்தில், சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில், அமெரிக்காக்காரர்கள் ஜி.பி.எஸ். என்று துணைக்கோள்களை விட்டிருக்கிறார்களாம். எப்பொழுதும் 24-க்குக் குறையாமல் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். ஒவ்வொன்றும், "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், மணி இன்னது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சேதி வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்பதை வைத்து போன் தூரத்தைக் கணக்கிடும். நாலு துணைக்கோள்களாவது அகப்பட்டால், நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

"முன்னெல்லாம் ராணுவத்துக்குத்தான் துல்லியமாகத் தெரியும். மற்றவர்களுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாகக் காட்டினார்கள். 2000-ஆம் வருஷம் மே மாதம் அதை நிறுத்தி விட்டார்கள். இப்போது திறந்த வெளியில் சாதாரண போனே சுமார் 5 மீட்டருக்குள் சொல்லிவிடும்" என்றான் பிள்ளை.

அமெரிக்காவில் 5 மீட்டர் ஒரு பொருட்டாக இல்லாமல் இருக்கலாம். எங்கள் மேற்கு மாம்பலத்துச் சந்துகளில் 5 மீட்டர் என்றால் எதிர் வீடு!

இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் கிழக்கே இருக்கிறோமா, மேற்கே இருக்கிறோமா என்று சொல்வதில் இருக்கும் சாமர்த்தியம், மேலே இருக்கிறோமா, கீழே இருக்கிறோமா என்று சொல்வதில் அவளுக்கு இல்லை. கிண்டி கத்திப்பாராவில் அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. ரோடு, பூந்தமல்லி ரோடு, நூறடி ரோடு எல்லாம் ஜாங்கிரி பிழிந்தாற்போல் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு போகின்றன அல்லவா? நாம் பாலத்தின் மேலே போனாலும், அடியிலே போனாலும் படத்தில் ஒரே புள்ளிதான். அங்கே மட்டும் இவர் அவளை நம்புவதில்லை. தலைக்கு மேலே இருக்கும் பச்சைப் பலகையைத்தான் படிப்பார்.

சென்ற தை மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். எழுபது கிலோ மீட்டர்தானே, மோட்டார் சைக்கிளிலேயே போய் விடலாம் என்றார் இவர். விடியற்காலையில் புறப்பட்டு, பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் என்று ஜோராகப் போய்க்கொண்டிருந்தோம். சுங்குவார்சத்திரத்துக்கு அப்பால் போனில் இன்டர்நெட் நின்று போயிற்று. ஆனாலும் அம்மாள் நிற்கவில்லை. துணைக்கோளின் சேதிக்கு இன்டர்நெட் வேண்டாமாம். படம் வந்து சேருவதற்குத்தான் வேண்டுமாம். பிள்ளை முதல் நாள் இரவே காஞ்சிபுரம் வரைக்கும் படத்தைப் போனில் இறக்கி வைத்திருந்தான். வெளியூர் போகிறவர்கள், புளியோதரை கட்டுவதைப் போல இதையும் முதல் நாளே செய்து வைத்துக்கொள்வது நல்லது.

மண்டபத்துக்கும் சரியாகவே கொண்டு போய்ச் சேர்த்தாள். ஆனால், வாசலில் வாழை மரத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்த பிள்ளை பெயரும் வேறு, பெண் பெயரும் வேறு! அந்தப் பெயரில் காஞ்சிபுரத்தில் இரண்டு மண்டபங்கள் இருந்திருக்கின்றன. போன் இரண்டையும் வரிசையாகக் காட்டியபோது, இவர் பத்திரிகையில் தெருப் பெயரைப் பார்க்காமல் முதலாவதைத் தொட்டிருக்கிறார். அம்மாள் பேரில் குற்றம் இல்லை. அவள் கேட்ட இடத்துக்குத்தான் கொண்டு வந்து விட்டாள்.

எதிரே இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொண்ணு வீடா, பிள்ளை வீடாம்மா?" என்று கேட்டார். பத்திரிகையைக் காட்டினேன். "அது அந்த மண்டபம் இல்லே? ரயிலடிப் பக்கம் போங்க. முகூர்த்தம் ஒன்பதுக்குத்தானே? நிதானமாப் போகலாம்" என்றார். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று துணைக்கோளுக்குத் தெரியுமா? அன்று முதல் இவர் புறப்படும் முன் விலாசத்தைக் கடைசி வரி வரை படிக்கிறார்.

இதுவரை சொன்னது வேடிக்கை. இனிச் சொல்லப் போவது வேடிக்கை அல்ல.

ஹெல்மெட்டுக்குள் அம்மாளின் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று, இவர் காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்பட் ஒரு ஜோடி வாங்கி வந்தார். கம்பி கிடையாது, இரண்டு புளியங்கொட்டை அளவுதான். முதலில் வழி கேட்க மட்டும். அப்புறம், "வழி சொல்லாத நேரத்தில் சும்மா இருக்கிறதே" என்று பழைய சினிமாப் பாட்டு. அப்புறம் கிரிக்கெட் வர்ணனை. கடைசியில் ஆபீஸ் மானேஜரும் அந்தப் புளியங்கொட்டை வழியாகவே உள்ளே நுழைந்து விட்டார்.

ஒரு நாள் மாலை. அசோக் பில்லரைத் தாண்டி நூறடி ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். இடது புறம் திரும்பச் சொல்லியிருப்பாள் போலும். இவர் சாவகாசமாக வண்டியை இடது பக்கம் ஒடித்தார். அதே சமயம் பின்னாலிருந்து ஒரு பஸ், ஸ்டாப்பில் நிற்பதற்காக இடது ஓரமாக வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திய அழுத்தலில் என் வயிறு கலங்கிற்று. இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பஸ்! பஸ்!" என்று அலறினேன். அதுவும் காதில் ஏறவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்க நேரம் ஏது? முதுகில் பலங்கொண்ட மட்டும் ஓங்கி ஒரு குத்து விட்டேன். வண்டி வலது புறம் விலகியது. பஸ், இடது பக்கக் கண்ணாடியை மட்டும் மடக்கிவிட்டுப் போய் நின்றது.

கண்டக்டர் இறங்கி ஓடி வந்தார். "காதுலே என்னய்யா வெச்சிருக்கே? பின்னாடி ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்களே!" என்றார்.

இவர் பதில் சொல்லவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. ஓரமாக வண்டியை நிறுத்தி, இரண்டு இயர்பட்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீடு வரும் வரை இருவரும் பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு ஏனோ எனக்கு அழுகை வந்தது.

அன்றிரவு அந்தப் பிள்ளையே எங்களுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகம் என்றால், ஒரு விநாடிக்கு 11 மீட்டர். போன் திரையை இரண்டே விநாடி குனிந்து பார்த்தாலும் 22 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். இரண்டு பஸ்களை முன்னும் பின்னுமாக நிறுத்திய நீளம்! கண்ணுக்கு இப்படி என்றால், முதுகுப் பக்கத்துக்குக் கண்ணே கிடையாது, காதுதான் உண்டு. அதையும் அடைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2020-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, ஓட்டுகிறவர் போனை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி உபயோகிக்கலாம் என்று சேர்த்தார்கள். 2022 அக்டோபரில் தமிழக அரசு வெளியிட்ட அபராதப் பட்டியலில், போன் பேசிக்கொண்டு ஓட்டினால் முதல் தடவைக்கு 1,000 ரூபாய். மறுபடியும் அகப்பட்டால் 10,000 ரூபாய். என் குத்து இலவசம்.

இப்போது எங்கள் வீட்டில் சில ஏற்பாடுகள். விலாசத்தை வாசலில் நிற்கும்போதே போட்டாக வேண்டும். நடு ரோட்டில் விரல் போனைத் தொடக் கூடாது. வழி மாற வேண்டுமானால் ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம். இயர்பட் மேஜை அறைக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாக, ஹெல்மெட்டின் உள் பக்கத்தில் ஒட்டும் சின்ன ஒலிபெருக்கி வந்திருக்கிறது. அது காதை அடைப்பதில்லை. மெதுவாக வைத்துக்கொண்டால் அம்மாளின் குரலும் கேட்கும், ஹாரனும் கேட்கும், என் குரலும் கேட்கும். அதில் பாட்டுக் கச்சேரிக்கு அனுமதி இல்லை. பின் ஸீட்டுக்கும் ஹெல்மெட் உண்டு, சட்டமும் அப்படித்தான்.

போனுக்கும் சில உபசாரங்கள் தேவைப்படுகின்றன. சித்திரை வெயிலில் கைப்பிடியில் மாட்டி வைத்தால் அது சூடேறி, திரை மங்கி, சில சமயம் மயக்கம் போட்டு விடுகிறது. மழைத் துளி விழுந்தால் விரல் எது, துளி எது என்று தெரியாமல் தடுமாறுகிறது. பெரிய மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு ஐபோனின் காமிராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-இல் எச்சரித்திருக்கிறது. ஆகவே, அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த பிடிப்பானாகப் பார்த்து வாங்குவது உத்தமம்.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: மாமியாரின் போன். சாயங்காலம் ஆறரை மணி ஆனால், "எங்கேடா வரே? சாம்பாரைச் சுட வைக்கட்டுமா?" என்று பிள்ளையைக் கூப்பிடாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. இருபது வருஷப் பழக்கம். ஒரே நாளில் நிறுத்தச் சொல்ல முடியுமா? பேரன்தான் யுக்தி செய்தான். இவர் ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது போனில் ஒன்றைத் தட்டிவிட்டால், வண்டி வருகிற வழியெல்லாம் பாட்டியின் போனில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்து வருகிறது. இப்போது மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சைதாப்பேட்டை தாண்டிட்டான். அடுப்பைப் பற்ற வை" என்று எனக்கு உத்தரவு போடுகிறார். ஒரு நாள் புள்ளி பத்து நிமிஷம் அசையாமல் நின்றுவிட்டது. வீடு அமர்க்களப்பட்டது. சுவாமி அறையில் விளக்கு ஏற்றி, மஞ்சள் துணியில் காசு முடியும் நேரத்தில் இவர் வந்து சேர்ந்தார். கையில் இரண்டு முழம் மல்லிகைப் பூ! பூக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாராம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் புத்தி சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது வீட்டில் காத்திருக்கும் நமக்கு. கணவரோ, மகளோ, மகனோ வண்டியில் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் நாம் போன் செய்தால், அந்த மணி எங்கே ஒலிக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்போம். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில், அவர்கள் காதோரத்தில் அல்லவா ஒலிக்கிறது? வந்து சேர்ந்த பிறகு பேச எவ்வளவோ நேரம் இருக்கிறது. சாம்பார் ஆறிப் போனால் இன்னொரு தரம் சுட வைத்துக்கொள்ளலாம்.