சாரலும் துரியன் பழமும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் காலம். அரசின் சாரல் திருவிழாவும் சேர்ந்துகொண்டால் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம்! அருவியில் குளித்து வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். கண்ணில் படுவதோ பழக்கடைகள்.

மங்குஸ்தானின் அடியில் பூப்போல இருக்கும் இதழ்களை எண்ணிப் பாருங்கள். உள்ளே அத்தனை சுளைகள் இருக்கும். தோலின் சாறு சேலையில் பட்டால் கறை லேசில் போகாது. ரம்புட்டானைக் கொட்டையோடு குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

துரியனுக்கு வாசமும் அதிகம், விலையும் அதிகம். "வாங்கிக்கோம்மா, வயித்துல புழு பூச்சி தங்கும்" என்றார் கடைக்கார அம்மாள். என்னுடன் வந்த தம்பி மனைவிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். முகம் வாடிவிட்டது.

இந்தப் பக்கத்தில் பலருக்கும் உள்ள நம்பிக்கைதான் இது. ஆனால் துரியன் தின்றால் கரு தங்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. குறை கணவனிடமும் இருக்கலாம், மனைவியிடமும் இருக்கலாம்.

"ருசிக்குச் சாப்பிடு. குழந்தைக்கு ரெண்டு பேருமா டாக்டரைப் பாருங்க. தம்பிகிட்ட நான் பேசறேன்" என்றேன்.

"அவங்க வருவாங்களா, மதினி?" என்றாள் மெதுவாக.

வரவைக்க வேண்டியது, வீட்டில் மூத்தவர்களான நம் பொறுப்பு அல்லவா?