வத்தல்மலையில் ஒரு ராத்திரி

என்னோடு ஒரே செக்‌ஷனில் பல வருடம் குப்பை கொட்டிய நண்பர் போன ஆனியில் மனைவியை இழந்தார். அன்றிலிருந்து அவர் வீட்டில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள், நடுவில் நாள் முழுவதும் ஓடும் டிவி. அவரைத் தனியாக விடக்கூடாது என்பதில் எல்லோரும் கண்ணும் கருத்துமாக இருக்கிறார்கள். சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "சார், ஒரு ராத்திரி யாரும் பேசாத இடத்துல படுத்துட்டு வரணும். மலை மேல எங்கயாவது. நீங்க வருவீங்களா?"

வருகிறேன் என்றேன். அவருக்கு 71, எனக்கு 75. நினைத்த மாத்திரத்தில் கிளம்பிவிட முடியாது. திட்டம் போட வேண்டும்.

எங்கள் ஆபீசில் 'கேம்ப்' என்றால் அதிகாரி டூர் போவது. குமாஸ்தாவுக்கு அதில் பயணப்படி பில் எழுதும் வேலைதான். ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு வேறொரு சொல்லும் தெரியும். திறந்த வெளியில் படுத்துத் தூங்குவதை அவர்கள் 'ஆ லா பெல் எத்துவால்' என்பார்கள். அழகிய நட்சத்திரத்தின் கீழ் என்று அர்த்தம். திண்ணையிலும் மொட்டை மாடியிலும் படுத்து வளர்ந்த பையனுக்கு, இதற்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று அப்போது தோன்றியது.

முதலில் ஏற்காடு பேச்சில் வந்தது. சுமார் 1,500 மீட்டர் உயரம், குளிர் நிச்சயம். ஆனால் கூடாரம் வாடகைக்கு விடும் இடங்கள் பலவற்றில் ராத்திரி நெருப்பு மூட்டிப் பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள். டிவிக்குப் பயந்து ஓடுகிறவர் அதைவிடப் பெரிய ஸ்பீக்கருக்குக் காசு கட்டுவதா?

காட்டுக்குள் நாமே கூடாரம் அடிக்கலாமே என்றார் நண்பர். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்த பிறகு கெடுபிடி அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை, வேண்டியதுதான். 2024 முதல் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளில் வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது. அது நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு. எங்களுக்குப் படுக்க இடம் கிடைத்தால் போதும்.

கடைசியில் நம் வத்தல்மலையே என்று முடிவாயிற்று. தருமபுரியிலிருந்து பார்த்தாலே தெரியும் மலை. மூவாயிரம் அடிக்கு மேல் உயரம். காபி, மிளகு, சாமை விளைகிற இடம். ஒரு காலத்தில் மலையாளி பழங்குடி மக்கள் சுமையோடு ஏறி இறங்கிய மலையில் இப்போது கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை இருக்கிறது, பஸ்ஸும் போகிறது. மேலே நண்பருக்குத் தெரிந்த விவசாயி ஒருவர், தன் பட்டா நிலத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். "நாய் மட்டும் குலைக்குங்க, பரவாயில்லையா?" என்று கேட்டாராம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் போக முடியாது. பங்குனி வந்தால் சருகு காய்ந்து தீப் பயம். தை மாதம் சரியாக இருக்கும். தை அமாவாசைக்கு நண்பர் வீட்டில் படையல் இருக்கிறது. அது முடிந்து இரண்டு நாள் கழித்து, வார நாளாகப் பார்த்துக் கிளம்புகிறோம். மூன்றாம் பிறை எட்டு மணி வாக்கில் மறைந்துவிடும். பிறகு இருட்டுதான். கார்த்திகை ஆறுமீனும் மிருகசீரிடமும் மேலே நிற்கும். தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரமும் தெரியும்.

உயரத்தால் மூச்சு முட்டுமோ என்று அவர் மகளுக்குப் பயம். அந்தத் தொந்தரவு பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான். ஊட்டியே 2,240 மீட்டர்தான் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. இங்கே கீழே இருப்பதைவிட மூன்று, நான்கு டிகிரி குறைவாக இருக்கும். குல்லாய், மஃப்ளர், இரண்டு கம்பளி போதும்.

எங்களுடைய உண்மையான கஷ்டம் தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியாது என்பது. கூடாரத்துக்குள் தவழ்ந்து போய்த் தவழ்ந்து வரும் வயது தாண்டிவிட்டது. எனவே கூடாரத்தை ரத்து செய்து, விவசாயியிடம் இரண்டு கயிற்றுக் கட்டில் கேட்டிருக்கிறோம். பனி விழாமல் மேலே ஒரு தார்ப்பாய். ராத்திரி இரண்டு முறையாவது எழுவோம், அதற்கு ஆளுக்கொரு டார்ச். செருப்பை உதறிப் பார்த்துத்தான் போட வேண்டும், தேள் இருக்கும். நெருப்பு மூட்டப் போவதில்லை. பிரஷர் மாத்திரை ஒருநாள் அதிகமாகவே. ஏதாவது ஆனால் கீழே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். அதற்காக ஒரு ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

செல்போன் விஷயத்தில்தான் வீட்டில் சண்டை. மகள் மணிக்கொரு தரம் பேசியாக வேண்டும் என்கிறாள். இவர் போனையே எடுத்து வரமாட்டேன் என்கிறார். "அம்மா இருந்தப்ப ஒருநாளாவது இப்படிப் போயிருக்கீங்களாப்பா?" என்று அவள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நான் நடுவே புகுந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருமுறை, காலை ஆறு மணிக்கு ஒருமுறை என் போனிலிருந்து பேசுவதாக ஒப்புக்கொள்ள வைத்தேன். மேலே சிக்னல் எங்கே கிடைக்கும் என்று விவசாயியிடம் கேட்டு வைத்திருக்கிறோம்.

மனைவியின் பழைய கம்பளியைத்தான் கொண்டு வருவேன் என்கிறார் நண்பர். அது ரொம்ப மெல்லிசு. எதற்கும் இருக்கட்டும் என்று நான் ஒன்று கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறேன்.